லிஃப்டில் ஏறக் கூடாதவர்கள்

இனி வருவதில் ஓர் எழுத்தைக்கூடக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. இது சத்தியம். சந்தேகப்படுகிறவர்கள் ஹிகாஷி ஒசாகாவில் இறங்கி, ஒரிஹாரா தொட்டி மூடிக் கம்பெனி எங்கே என்று விசாரித்து, நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

குளியல் தொட்டியில் வெந்நீர் ஆறாமல் மேலே விரிக்கிற மூடியைத்தான் அந்தக் கம்பெனி மூன்று தலைமுறையாகச் செய்து விற்கிறது. பாய் மாதிரி சுருட்டி ஓரமாக நிறுத்திவைக்கிற மூடி. அலுவலகம் ஒன்பதாவது மாடியில். அங்கே பொது நிர்வாகப் பிரிவுக்குத் தலைவர் இசோகாய். பொது நிர்வாகம் என்றால், கழிவறை பல்பு முதல் முதலாளியின் மனவருத்தம் வரை, வேறு யாரும் சொந்தம் கொண்டாடாத எல்லாமும். ஐம்பத்தைந்து வயதுவரை அவர் உதட்டில் சிகரெட் வைத்ததில்லை. வைத்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

முதலாளி ஒரிஹாரா நாற்பது வருடம் ஊதித் தள்ளியவர். பேத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு மடியில் உட்கார மாட்டேன் என்றதும் ஒரே நாளில் விட்டார். விட்ட மறுநாளிலிருந்து, மற்றவர்கள் பிடிப்பது அவருக்குத் திருட்டாகத் தெரிந்தது.

ஏப்ரல் மாதத்து முதல் திங்கட்கிழமை. காலையில் ரேடியோ தேகப்பயிற்சி முடிந்து, தூக்கிய கைகளை எல்லோரும் இறக்குவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஆபீஸ் நேரத்துல வெளிய போய்ப் புகை விடறது என் நேரத்தைத் திருடறது. இது ஒழுக்கப் பிரச்சினை."

கணக்குப் பிரிவின் தாருமி அம்மாள், இசோகாயைவிட இரண்டு வயது மூத்தவர், புகைப்போர் கோஷ்டியின் தலைவி, கையை இறக்கவே இல்லை. அப்படியே பேசினார்.

"முதலாளி, போன மாசம் வரைக்கும் என்கிட்டதான் லைட்டர் இரவல் வாங்குனீங்க. அந்தத் திருட்டுல உங்க பங்கு எவ்வளவுன்னும் சொல்லிடுங்க."

விற்பனைப் பிரிவின் ஹனாவா முன்னால் வந்தான். சிகரெட்டும் பிடிக்காதவன், சும்மாவும் இருக்காதவன்.

"முதலாளி சொல்றது நியாயம். அவங்க நெனச்சப்பல்லாம் எழுந்து போறாங்க. நான் தும்மறதுக்குக்கூட சீட்டை விட்டு எழுந்திரிக்கிறதில்ல."

"நீ சீட்ல உக்காந்து போன்ல பூனை வீடியோ பாக்கறது எனக்குத் தெரியாதா தம்பி? எங்க புகை வெளிய தெரியுது, உன் பூனை தெரியல. அவ்வளவுதான் வித்தியாசம்."

ஆபீஸ் இரண்டாகப் பிளந்தது. ஒழுக்கம் என்றது ஒரு பக்கம், உரிமை என்றது இன்னொரு பக்கம். பூனையைப் பற்றி மட்டும் இரு பக்கமும் வாய் திறக்கவில்லை; இரு பக்கத்திலும் பூனைகள் இருந்தன.

முதலாளி இசோகாயைத் தனியறைக்கு அழைத்தார்.

"இந்த வருஷக் கடைசிக்குள்ள சிகரெட்டுக்காக எழுந்து போறது நிக்கணும். நிக்கலைன்னா நீ வடக்குக் கிடங்குக்குப் போ."

கம்பெனியின் வடக்குக் கிடங்கு நாட்டின் வடகோடித் தீவான ஹொக்கைதோவின் நுனியில் இருக்கிறது. தொட்டி மூடிகளைப் பனி மூடிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே வேலை. ஏற்கெனவே அனுப்பப்பட்டவர் புத்தாண்டுக்குத் தவறாமல் வாழ்த்தட்டை போடுவார். முதல் வருடம் அட்டை நிறைய எழுதியிருந்தார். போன புத்தாண்டில் இரண்டே வார்த்தை: கரடி சௌக்கியம்.

வீட்டில் சொன்னபோது மனைவி மிசோ சூப்பை ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"ஏங்க, நான் வரமாட்டேன். தனியா போய் இருந்துக்குங்க. சோறு பொங்கற மெஷின்ல எந்த பட்டனுன்னே உங்களுக்குத் தெரியாது. கரடிக்குத் தெரியுமான்னு கேட்டுப் பாருங்க."

ஆகவே இசோகாய் மண்டையைக் குடைந்துகொண்டார். யாரையும் முகத்துக்கு நேரே 'கூடாது' என்று சொல்வது அவர் பிறவியிலேயே இல்லை. அப்போதுதான் ரயிலில் யாரோ மடித்து வைத்துவிட்டுப் போன பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்தார். புகைத்தவர் மூச்சில் முக்கால் மணி நேரம் புகை ஒட்டிக்கொண்டிருக்குமாம். அதுவரை லிஃப்டில் ஏறக் கூடாதென்று எங்கோ ஒரு நகராட்சி விதி போட்டிருந்தது. இசோகாய்க்கு அழுகையே வந்தது. யாரையும் தடுக்காத விதி. யாரோடும் சண்டை போடாத விதி. தாராளமாகப் பிடிக்கலாம், கீழே சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நின்று பிடிக்கலாம், அப்புறம் ஒன்பது மாடி நடந்து ஏற வேண்டும். ஒரே வாரத்தில் விட்டுவிடுவார்கள்.

விதியை எழுதி லிஃப்ட் வாசலில் ஒட்டியாயிற்று. விதி என்றால் காவல் வேண்டுமே. இசோகாயே கீழ்த்தளத்தில் லிஃப்ட் வாசலில் நின்று, வருகிறவர்களைக் குனிந்து வணங்கி, "மன்னிக்கணும், ஒரு தடவை 'ஹா' சொல்லுங்க" என்று முகர்ந்து பார்த்தார்.

தாருமி அம்மாள் முதல் நாளே பிடிபட்டார். ஒசாகாவில் அந்த வயதுப் பெண்களின் கைப்பையில் சாவி இல்லாமல் இருக்கலாம், மிட்டாய் இல்லாமல் இருக்காது. வாய் நிறைய மிட்டாயோடு வந்து 'ஹா' என்றார்.

"மேல மிட்டாய், அடியில புகை, தாருமி-சான்."

"மூக்கா அது? விமான நிலையத்துல பெட்டியை மோந்து பாக்குமே, அந்த நாயோட உத்தியோகத்தைப் பறிச்சுட்டியேப்பா இசோகாய்."

திட்டிக்கொண்டே படி ஏறினார். முதல் வாரம் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினார். நான்காம் மாடிப் பல் வைத்தியசாலையில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது நோயாளி என்று நினைத்து இரண்டு பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். கோஷ்டியில் ஒருவரும் சிகரெட்டை மட்டும் விடவில்லை. முதலாளியிடம் தோற்க மாட்டோம் என்ற வைராக்கியம்.

இசோகாய் கணக்குப் போடாத ஒன்று நடந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அவர்கள் இரண்டிரண்டு படியாகத் தாவ ஆரம்பித்தார்கள். கோடையில் லிஃப்டை முந்தினார்கள். தொடை பருத்துக் கால்சட்டைகள் கிழிய, தெருமுனைத் தையல்காரர் பக்கத்துக் கடையையும் வாங்கிப்போட்டார். தாருமி அம்மாள் ஏறுகிற வேகத்தில் படிக்கட்டில் காற்று கிளம்பி, ஏழாம் மாடி வக்கீலின் காகிதங்கள் பறந்ததில் அவர் ஒரு வழக்கையே தோற்றார்.

ஆகஸ்டில் ஒரு சின்ன நிலநடுக்கம். டீக்கோப்பைகள் கிணுகிணுத்ததோடு சரி. ஆனால் லிஃப்ட் தானாக நின்றுவிட்டது. எல்லோரும் கீழே இறங்கி ஆள் எண்ணிவிட்டுத் திரும்ப ஏற வேண்டியதாயிற்று. ஒழுக்கமானவர்கள் மூன்றாம் மாடிக்கு மேல் போகவில்லை. காயப்போட்ட மெத்தைகள் மாதிரி கைப்பிடிக் கம்பியில் மடிந்து தொங்கினார்கள். புகைப்போர் கோஷ்டிதான் ஒவ்வொருவராக முதுகில் தூக்கிப்போய்ச் சேர்த்தது. ஹனாவா தாருமி அம்மாளின் முதுகில் போனான்.

"கழுத்தை இறுக்காத தம்பி. மேல்பையில சிகரெட் இருக்கு, நசுங்கிடும்."

"மெதுவா போங்க தாருமி-சான், தலை சுத்துது."

"கண்ணை மூடிக்கோ. பூனையை நெனச்சுக்கோ."

இலையுதிர் காலத்தில் வருடாந்தர உடல் பரிசோதனை வண்டி வந்து வாசலில் நின்றது. மார்பை எக்ஸ்ரே எடுத்த டாக்டர் தாருமி அம்மாளின் படத்தைப் பார்த்து, நுரையீரல் ஒரே படத்தில் அடங்கவில்லை, இன்னொன்றை ஒட்டிப் பார்க்க வேண்டும் என்றார். புகைப்போர் எல்லோருக்கும் முதல் தரம். ஒழுக்கமானவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு, இடுப்பில் கொழுப்பு, முதலாளிக்கு எல்லா இடத்திலும் கொழுப்பு.

டாக்டர் இசோகாயைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "இந்த கோஷ்டி மட்டும் என்ன பண்ணுது?"

இசோகாய் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சிகரெட் பிடிக்கிறாங்க, டாக்டர்."

டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

சேதி மாடி ஏறிவிட்டது. அடுத்த வாரமே ஹனாவா ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் வந்து நின்றான். "இதுல எந்தப் பக்கம் பத்த வைக்கணும்?" என்று கேட்டான். தாருமி அம்மாள் லைட்டரைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். "நீ பத்த வைக்காத தம்பி. சும்மா கையில வச்சுக்கிட்டு நின்னுட்டு ஏறு, போதும்." ஒழுக்கக் கட்சி முழுவதும் அப்படிச் சும்மா வைத்துக்கொண்டு நிற்க வந்துவிட்டது. முன்பு பாதி ஆபீஸ் எழுந்து போகும். இப்போது மேலே தொலைபேசி அடித்தால் எடுக்க ஆளில்லை.

முதலாளி மேஜையைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் இசோகாய்க்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உன்னைப் புகையை அணைக்கச் சொன்னேன். நீ ஆபீஸையே அடுப்பாக்கிட்டே. மாற்றல் உத்தரவு தட்டச்சு பண்ணியாச்சு. வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலயும் கொடுப்பேன்."

மனைவி கனத்த கம்பளி உள்ளாடை வாங்கிவைத்தார். ஒரே ஒரு ஜோடி.

வெள்ளிக்கிழமையும் இசோகாய் லிஃப்ட் வாசலில் நின்றார். கடைசி நாள் என்பதற்காக ஒரு மனிதன் வேலையை அரைகுறையாகச் செய்ய முடியாதல்லவா. மத்தியானம் சைக்கிள் கொட்டகைப் பக்கமிருந்து முதலாளி வந்தார். சோதனையிடப் போனதாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மேலங்கியின் உள்பையில் மாற்றல் உத்தரவின் விறைப்பான உறை துருத்திக்கொண்டிருந்தது. ஆறு மாதமாக முகர்ந்து முகர்ந்து பழகிய இசோகாயின் மூக்குக்குப் பத்தடியிலேயே தெரிந்துவிட்டது. ஒன்றல்ல, இரண்டு சிகரெட்.

விட்டுவிட்டால் ஒருவேளை பிழைக்கலாம். இசோகாய்க்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் விதியில் முதலாளி நீங்கலாக என்று எழுதியிருக்கவில்லை, எழுதியவர் அவரேதான். இடுப்பை முழுதாக மடித்து வணங்கினார்.

"மன்னிக்கணும், முதலாளி. 'ஹா' சொல்லுங்க."

முதலாளி வாயை இறுக்க மூடிக்கொண்டார். அது 'ஹா'வைவிடத் தெளிவாக இருந்தது.

"முக்கால் மணி நேரம் ஆகணும்" என்றார் இசோகாய், நிமிராமலே.

"மூணு மணிக்கு எனக்கு மேல கூட்டம்."

"படி இந்தப் பக்கம்."

முதலாளி நடந்து ஏறும்போது அவருக்குக் கீழே வேலை செய்கிறவன் லிஃப்டில் போகலாமா? இசோகாயும் பின்னாலேயே, இரண்டு படி விட்டு ஏறினார். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் முதலாளி உட்கார்ந்தார். இசோகாய் அவருக்குக் கீழே, மரியாதையான தூரத்தில், படுத்தார். இருவருக்கும் பேச மூச்சில்லை. கீழிருந்து காற்று கிளம்பிற்று; பின்னாலேயே தாருமி அம்மாள் வந்தார்.

"ஐயோ பாவம். ஏறுங்க முதலாளி, முதுகுல."

தூக்கிக்கொண்டு நாலு படி ஏறியவர் நின்றார்.

"பையில என்ன முதலாளி, முதுகுல குத்துது?"

"இசோகாயோட மாற்றல்."

"அதான பாத்தேன், கனம் ஜாஸ்தியா இருக்கேன்னு." பதமாக அவரை மறுபடி படியில் இறக்கி வைத்தார். "உங்களைத் தூக்கலாம். அதையும் சேத்து என்னால முடியாது. வயசாகுது பாருங்க."

"தாருமி, மணி மூணு ஆகப் போகுது."

"ஆமா, ஆகத்தான் போகுது."

முதலாளி மேலே பார்த்தார். நாலு மாடி. கீழே பார்த்தார். இசோகாய் படுத்தபடியே வணங்க முயன்றுகொண்டிருந்தார். முதலாளி உறையை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"இன்னும் கொஞ்சம் சின்னதா கிழிங்க" என்றார் தாருமி அம்மாள். "மூலையெல்லாம் குத்தும்."

கிழித்தார். பிறகு தாருமி அம்மாள் அவர் வாயில் ஒரு மிட்டாயைப் போட்டு, "பேத்திக்குத் தெரிய வேணாம்" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனார். திரும்ப வந்து இசோகாய் முன் முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"அடுத்தது நீ. ஏறுப்பா, கரடிக்குக் கொடுத்து வைக்கல."

புத்தாண்டுக்கு வடக்கிலிருந்து வழக்கம்போல அட்டை வந்தது: கரடிக்கு ஏமாற்றம். இசோகாய் அதைச் சட்டம் போட்டு லிஃப்ட் பக்கத்தில் மாட்டினார். அந்த ஆணி இன்னும் சுவரில் இருக்கிறது.

நேரில் போய்ப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரிஹாரா கம்பெனி இருப்பது தகரக் கூரை போட்ட ஒற்றைத் தளக் கட்டடத்தில்.