எழுபத்து நான்கு நிமிடங்கள்

"அதைத் தொடாதீங்க!"

லோகப்பிரியா போட்ட சத்தத்தில், கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கக் குனிந்த பெரியப்பா அப்புசாமி அப்படியே நின்றுவிட்டார். ஹாலில் பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்தித் திரும்பினார்கள். காலையிலிருந்து அந்தப் பெண் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"ஏங் கண்ணு? எழவு ஊட்டுல என்னத்துக்கு டிவி ஓடோணும்?"

"டிவி இல்லீங்க பெரியப்பா, கம்ப்யூட்டருங்க. அப்பா ஓட்டி உட்டது. பொழுதோட முடிஞ்சுருமுங்க."

அப்புசாமி பெஞ்சில் கிடத்தியிருந்த தம்பியைப் பார்த்தார். தம்பி ஓட்டிவிட்டது என்றதும் கை தானாகப் பின்வாங்கியது. அன்னூரிலிருந்து பதறியடித்து வந்தவர், சட்டையில் ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். 

தனபால் அன்று காலை ஐந்து மணிக்கு அந்த வேலையை ஓட்டிவிட்டார். "யாரும் தொடக் கூடாது. மவுசக்கூட அசைக்கக் கூடாது. பதிமூணு மணி நேரம் காட்டுது கண்ணு" என்று, தூக்கக் கலக்கத்தில் தண்ணீர் குடிக்க வந்த மகளிடம் சொன்னார். ஏழரைக்கு அவள் காபி கொண்டுபோனபோது நாற்காலியிலேயே தலை சாய்ந்திருந்தார். உயிர் போய் ஒரு மணி நேரமிருக்கும் என்றார் டாக்டர். திரையில் இருபது சதவீதம் என்று இருந்தது.

கதை இவ்வளவுதான். மகன் கிருபாசங்கர் அமெரிக்காவில் இருந்தான். மூன்று வருடம் முன்பு வந்தபோது ஒரு வீடியோ கேமராவை விட்டுப் போனான். கணபதியில் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்து ரிட்டையரான தனபாலுக்கு அதற்கப்புறம் வேறு சோலி இல்லை. தெருவில் நாய் குட்டி போட்டாலும் கேமராவோடு போய் நிற்பார். பதினோரு கேசட் சேர்ந்தது. அதை அனுப்புகிறேன் என்றபோது, "நம்மூரு கேசட் இங்க ஓடாதுப்பா" என்றான் மகன். சிடியில் போட்டு அனுப்பலாம். ஒரு சிடி, எழுபத்து நான்கு நிமிடம். பதினோரு கேசட்டை வெட்டி, சுருக்கி, அதற்குள் அடக்க ஒரு சாப்ட்வேர் வேண்டும்.

அந்த சாப்ட்வேரைத் தேர்ந்தெடுக்க அவருக்கு நான்கு மாதம் பிடித்தது. காந்திபுரத்தில் கடை வைத்திருந்த ரசாக்தான் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தவன். "ஏனுங் சார், நூத்தம்பது ரூவாய்க்குக் காப்பி போட்டுத் தாரேன், ஊரே அதைத்தான் ஓட்டுது" என்றான். தனபால் ஒத்துக்கொள்ளவில்லை. அசல் விலை முப்பதாயிரம். பத்திரிகையோடு இலவசமாக வரும் சோதனைப் பதிப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்று படத்தின் நட்டநடுவில் தன் பெயரை முத்திரை குத்தியது, மனைவி சாந்தாமணியின் மூக்கில். இன்னொன்று பதினைந்து நிமிடத்தோடு நின்றுகொண்டது. மூன்றாவது எல்லாம் செய்தது, ஆனால் முப்பதே நாள்தான் திறக்கும். நல்லதாக இருந்தால் எட்டாயிரம் கட்டி வாங்கிவிடலாம் என்று வைத்துக்கொண்டார். வெட்டி ஒட்டவே இருபத்தைந்து நாள் போயிற்று. ஒட்டியதைக் கம்ப்யூட்டர் ஒரே படமாகக் கோத்துக்கொண்டிருந்தபோது ஒருமுறை பாதியில் கரண்ட் போய், அதுவரை ஓடியது வீணானது. இன்றைக்கு முப்பதாம் நாள்.

போன வாரம்தான் லோகப்பிரியா சண்டை போட்டாள். "நூத்தம்பது ரூவால முடியற காரியத்த நாலு மாசமா உருட்டறீங்க. அமெரிக்காவுல இருக்கறவன் கொழந்தைக்குக் கல்யாணமே ஆயிரும், நீங்க அனுப்பறதுக்குள்ள."

"ஆகட்டும்" என்றார் அவர், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

பதினோரு மணிக்குள் வீடு நிறைந்தது. வந்தவர்கள் தனபாலைப் பார்த்து அழுதார்கள், சாந்தாமணியைக் கட்டிக்கொண்டார்கள், உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் கண் மூலைக்குப் போயிற்று. திரையில் தீப்பெட்டி அளவு ஒரு சன்னலில் படம் நகர்ந்துகொண்டிருந்தது. சத்தமில்லை. ஒரு ஆள் கையைத் தூக்கவே ஒரு நிமிடம் ஆனது.

"அட, அது நானு!" என்றாள் எதிர்வீட்டுப் பழனியாத்தாள். "மொளகா காயப்போடறேன். பாரு, எந்தச் சீலையக் கட்டீட்டு நிக்கறேன்னு."

"ஏனுங் அக்கா, இத்தன மெதுவாவா காயப்போடுவீங்க?" என்றாள் பக்கத்தில் ஒருத்தி.

"மெதுவா ஓடறதுதாண்டி நல்லது. இந்தக் காலத்துல எவ என்னைய இத்தன நேரம் பாக்கறா?"

ஒன்றிரண்டு பேர் சிரித்தே விட்டார்கள். பிறகு பெஞ்சைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சங்கடம் என்னவென்றால், தனபால் எந்தப் படத்திலும் இல்லை. கேமராவைப் பிடித்திருந்தவர் அவர். லோகப்பிரியாவுக்கு அது பத்தரைக்கே உறைத்துவிட்டது. மேசை மேல் கிடந்த டைரியில் அவர் வரிசை எழுதியிருந்தார்: ஆயுத பூஜை, மதுக்கரைக் கல்யாணம், சாந்தாமணி தோசை. கடைசியாக, அந்தியூர்.

போன ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தையில் மட்டும், "ஒருக்கா நீ புடி கண்ணு" என்று கேமராவை அவள் கையில் கொடுத்தார். ஒரு வெள்ளைக் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே வியாபாரியிடம் விலை கேட்டார். கணபதியில் குதிரையை எங்கே கட்டுவார் என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு. சிரித்ததில் கேமரா ஆடியது. வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாமே ஆடுது, வேஸ்ட்டு" என்றார். வேஸ்ட் என்றால் வெட்டிவிடுவார். இருந்தாலும் படத்தில் அவர் உருவம் ஆடி அசைந்தது உலகத்தில் அந்த ஒரு இடத்தில்தான். மூலக் கேசட்டின் மேலேயே வேறு காட்சி பிடித்துவிட்டார்; இனி இருந்தால் இந்தக் கம்ப்யூட்டரில்தான். அவளே தேடிப் பார்த்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு ஐஸ் பெட்டி வந்தது. கிருபாசங்கர் வந்து சேர நாளை சாயங்காலம் ஆகும். வைகாசி வெயில்.

"பவர் பிளக் எங்கீங்க?" என்றார் பெட்டிக்காரர்.

ஹாலில் இருந்தது ஒன்றுதான். ஸ்டெபிலைசரும் கம்ப்யூட்டரும் அதில் ஓடிக்கொண்டிருந்தன. பூமாலையோடு வந்து வாசலில் நின்ற ரசாக், செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவந்தான்.

"சமையக்கட்டுல இருந்து வயர் இழுங்களேன்" என்றார் அப்புசாமி.

"இழுக்கலாமுங்க. ஆனா மத்தியானம் வோல்டேஜ் கெடையாதுங்க. இந்தப் பெட்டி ஓடுச்சுன்னா ஸ்டெபிலைசர் கட் ஆயிரும். போனா எல்லாம் போச்சுங்க."

"நாளைக்கு மறுக்கா ஓட்டறது."

"நாளைக்கு அது தொறக்காதுங்க. சார் வெட்டி வெச்சது வேற எதுலயும் ஏறாது. காசு கட்டுனா அசல் சிடி மெட்ராஸ்ல இருந்து வரப் பத்து நாளாகும்."

"பத்து நாள் கழிச்சுப் பாக்கறது. அதுக்கென்ன இப்ப?" அப்புசாமி பெஞ்சைக் காட்டினார். "எந்தம்பி வெயில்ல கெடக்கறான் அம்மணி. சினிமா முக்கியமா?"

லோகப்பிரியா திரையைப் பார்த்தாள். பத்து நாள் கழித்து ஓட்டினால் குறைந்தா போய்விடும்? இல்லைதான். ஆனால் ஐந்து மணிக்கு உயிரோடு இருந்த கை அமுக்கிவிட்டது இதுவரை ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பத்து நான்கு சதவீதம். அதை இவர்களிடம் எந்த வாயால் சொல்வது? அவள் பிளக்கின் முன்னால் போய் நின்றுகொண்டாள். 

"அது ஓடட்டுமுங் மாமா."

சாந்தாமணி. காலையிலிருந்து புருசன் தலைமாட்டைவிட்டு அசையாதவள்.

"பெட்டிய அக்கட்டால வெச்சுப்போடுங்க. ஐஸ்கட்டி வாங்கியாங்க. பொழுதோட இது முடிஞ்சதும் பெட்டியப் போட்டுக்கலாம்."

"ஐஸ்கட்டியா? மீன் மார்க்கெட்டுக்குத்தான் போகோணும்."

"போங்க. அவரு மீன் திங்கமாட்டாருன்னு ஐஸுக்குத் தெரியவா போகுது."

அப்புசாமி ரசாக்கைப் பார்த்தார். ரசாக் வண்டிச் சாவியை எடுத்தான். இருவரும் உக்கடத்துக்குப் போய், மரத்தூள் ஒட்டிய ஆறு கட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒன்றரைக்கு வந்தார்கள். பெஞ்சுக்கு அடியிலும் இரண்டு பக்கமும் அடுக்கினார்கள். வீடு லேசாக மீன் வாடை அடித்தது. பழனியாத்தாள் ஊதுபத்திக் கட்டை முழுசாகக் கொளுத்தினாள்.

மூன்று மணி. எழுபத்தாறு. திரையில் சாந்தாமணி தோசை சுட்டாள். திரும்பி ஏதோ திட்டினாள். பாயில் இருந்த சாந்தாமணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்கு மணிக்கு ஃபேன் சுற்றுவது தளர்ந்தது. ஸ்டெபிலைசர் இரண்டு முறை 'டொக்' என்றது. லோகப்பிரியா எழுந்துபோய்ச் சமையலறை பிரிட்ஜை அணைத்தாள், லைட்டை அணைத்தாள், ஃபேனையும் அணைத்தாள். வந்தவர்கள் விசிறி தேடிக்கொண்டார்கள்.

ஐந்தே காலுக்கு அந்தியூர் வந்தது.

கூட்டம், புழுதி. வெள்ளைக் குதிரையின் முதுகு. கழுத்து. அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குதிரையின் கழுத்தில் ஒரு கை வர வேண்டும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். சன்னல் சட்டென்று மாறியது. கை வரவில்லை. வெட்டியிருந்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன கண்ணு இது, வெறும் தரையக் காட்டுது?" என்றார் அப்புசாமி.

தரைதான். சாணி மிதிபட்ட மண், தலைகீழாகச் சாய்ந்து. அன்று லோகப்பிரியா பதிவை நிறுத்தாமலேயே கேமராவைக் கையில் தொங்கவிட்டு நடந்திருக்கிறாள். ஓரத்தில் அவளுடைய செருப்பு. அதன் பக்கத்தில் ஒரு தோல் செருப்பு, வேட்டி விளிம்பு.

"உங்கப்பன் செருப்பு" என்றாள் சாந்தாமணி.

தொண்ணூற்றைந்து. செருப்பு எழுந்து, முன்னால் போய், மண்ணில் பதிந்தது. இன்னொன்று எழுந்தது. வெட்டவில்லை. எழுபத்து நான்கு நிமிடத்தில், இந்த வேஸ்ட்டுக்கு எத்தனை நிமிடம் விட்டிருந்தார்? அன்றைக்கு நடந்துகொண்டே இருவரும் என்னவோ பேசினார்கள். என்ன என்று அவளுக்குச் சுத்தமாக நினைவில்லை. அந்தச் சின்ன சன்னலில் சத்தம் வராது. சிடியில் வரும், முடிந்தால்.

"அம்மணி, கீழ பாருங்க" என்றான் ரசாக் பதற்றமாக.

ஐஸ்கட்டி உருகி, தண்ணீர் மரத்தூளோடு பாய்க்கு அடியில் ஓடி, மூலைக்கு வந்திருந்தது. கம்ப்யூட்டர் வயர்கள் செருகித் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு ஒரு சாண் தூரம். பெண்கள் எழுந்து புடவையைத் தூக்கிக்கொண்டார்கள். யாரோ துணி தேடி ஓடினார்கள்.

லோகப்பிரியா குனிந்து, வயர் இழுபடாமல் பெட்டியைத் தூக்கினாள். அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஏறிச் சம்மணம் போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. நாற்காலிக்குக் கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

திரையில் இரண்டு ஜோடிக் கால்கள், அவசரமே இல்லாமல், அடுத்த அடியை எடுத்து வைத்தன.