இடது கை பேஸ்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துப் பொருத்துவது அவருடைய வேலை. அவர் மனைவி மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தம் எடுப்பவள். கையில் மீந்ததையெல்லாம் இருவரும் கிதாரில்தான் கொட்டினார்கள். அவர் ஒரு மின்கிதார் வாங்கினால், அவளும் விடாமல், தடித்த கம்பிகளில் அடித்தொனியாக முழங்கும் பேஸ் கிதார் ஒன்றை வாங்குவாள். படுக்கையறைச் சுவர் முழுக்க அவைதான். துணிமணிகள் கட்டிலுக்கு அடியில். புதிதாக ஒன்று வந்தால் பெட்டியை அவள்தான் திறப்பாள். "புதுச் செருப்பு மாதிரிதாங்க. நாலு நாள் கடிக்கும், அப்புறம் கழட்ட மனசு வராது" என்பாள்.

நண்பர்களோடு சேர்ந்து வாசிக்கும் குழுவில் அவளுக்கு இடி என்று பேர். அவருக்கு மின்னல். "ஊர் உலகத்துல மின்னல்தான் முன்னால வரும். உங்க வீட்ல மட்டும் எப்பவும் இடி முந்திக்குது" என்று கிதார் கடைக்காரர் கிண்டல் செய்வார். அவரும் சிரித்துக்கொண்டே ஆமாம் போடுவார்.

ஒரு நாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரோடு சரிந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. உயிர் தப்பியது. குழறிய பேச்சு மெல்லத் தெளிந்தது. காலை இழுத்து இழுத்து நடக்கும் அளவுக்குத் தேறினாள். இடது கைதான் திரும்பவில்லை. பேஸின் கழுத்தைப் பிடித்துக் கம்பிகளை அழுத்திய கை அது.

கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "விரல் கொஞ்சம் மடங்குது சார். அதுக்கு மேல ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்றாள். அவர் காதில் 'மடங்குது' என்பது மட்டும் விழுந்தது.

மறுநாளே கடைக்குப் போய், கழுத்து குட்டையான ஒரு பேஸை வாங்கி வந்தார். அவள் மடியில் வைத்தபோது விரல்கள் கம்பியிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தன. "நல்லாத்தாங்க இருக்கு" என்று சொல்லி வைத்தாள். அது போதாதா அவருக்கு? அதைவிட எடை குறைந்த ஒன்றை வாங்கினார். பிறகு மெல்லிய கம்பி போட்ட இன்னொன்று. ஒவ்வொன்றும் ஒருமுறை மடியேறிவிட்டுச் சுவருக்குப் போனது.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. இடது கைக்காரர்களுக்கென்றே செய்த பேஸ். அதில் அழுத்துவது வலது கை. இடது கை கம்பியைத் தட்டினால் போதும்.

"அண்ணே, அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றார் கடைக்காரர்.

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவா. வரட்டும், பாத்துக்கலாம்."

அது வந்தது. பெட்டியை அவரே திறந்தார். கட்டிலில் அவளை உட்கார வைத்து, பட்டையைத் தோளில் மாட்டி, இடது கையைத் தூக்கிக் கம்பிகளின் மேல் வைத்தார். அவளும் முயன்றாள். வலது கைக்கு அழுத்தும் இடம் தெரியவில்லை. இடது கை கம்பிகளில் உரசி, நாற்காலியைத் தரையில் இழுப்பதுபோல் ஒரு சத்தம் எழுந்தது.

"இன்னொரு வாட்டி" என்றார்.

மறுபடியும் அதே சத்தம்.

"எடுங்க."

"பழகப் பழக..."

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

அவர் எடுத்துவிட்டு நின்றார். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"என் கை போனது எனக்குத் தெரியும். அத நான் தாங்கிக்கறேன். ஆனா ஒவ்வொரு பெட்டி வரும்போதும் உங்க மொகத்துல ஒரு வெளிச்சம் வருது பாருங்க, அத நான்தான் ஊதி அணைக்க வேண்டியிருக்கு. எத்தன தடவதாங்க அணைக்கறது?"

"நான் கைவிட்டுட்டேன்னு நீ நெனச்சிடக் கூடாதுன்னுதான்..."

"கைய விட்டுடுங்க. என்ன விட வேணாம்."

அவர் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

பேஸ்களை எல்லாம் கொடுத்துவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். "அதுங்களப் பாத்துட்டே படுக்க முடியல." இடது கை பேஸைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். மற்றவை ஒவ்வொன்றாகப் போயின. ஆட்கள் வந்து வாசித்துப் பார்க்கும்போது அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள்.

அவளுக்கு உயிரான பச்சை பேஸ் மட்டும் மிஞ்சியது. அதை வாங்க வந்தவள் பேருந்து ஓட்டும் பெண். வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தாள். அன்று மனைவி சமையலறைக்குப் போகவில்லை. எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

ஓட்டுநர் பேஸை ஆம்ப் ஒலிபெருக்கியில் இணைத்து, அதை முடுக்கிவிட்டு வாசித்தாள். நிதானமான, நல்ல கை. தரை லேசாக அதிர்ந்தது. மனைவியின் வலது கை விரல்கள் தொடையின் மேல் தாமாகவே அசையத் தொடங்கியதை அவர் பார்த்தார். இடது கை மடியில் மல்லாந்து கிடந்தது.

ஓட்டுநரும் பார்த்துவிட்டாள். நிறுத்தினாள். "நீங்க வாசிப்பீங்களாக்கா?"

"வாசிச்சேன்."

ஓட்டுநர் பேஸைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

"வெயில்ல வச்சிடாதம்மா" என்றாள் மனைவி.

படிகளில் காலடி ஓசை இறங்கிப்போய் அடங்கும்வரை அவள் அசையவில்லை. பிறகு அழுதாள். விழுந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், வாய்விட்டு, தோள் குலுங்க அழுதாள். அவருக்கும் அவளோடு சேர்ந்து அழத்தான் வந்தது.

அந்த வாரமே அவர் தம்முடைய கிதார்களையும் சுவரிலிருந்து கழற்ற ஆரம்பித்தார். அவள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"இது எதுக்கு?"

"நீ இல்லாம எனக்கு மட்டும் எதுக்கு?"

"ஒரு வீட்ல ஒரு கை போனா பத்தாதா? மாட்டுங்க."

மாட்டினார். ஆனால் பல மாதங்கள் எதையும் தொடவில்லை. புது மாடல் வந்திருக்கிறது என்று கடைக்காரர் கூப்பிட்டால், "பாக்கலாம் தம்பி" என்பார். போகமாட்டார்.

இப்போது சில மாலைகளில் அவளே கேட்கிறாள். அவர் ஒன்றை இறக்கி, ஆம்ப்பில் இணைக்காமலே வாசிப்பார். அப்படி வாசித்தால் மின்கிதாரிலிருந்து வருவது கொசுவின் ரீங்காரம் அளவுக்கான சத்தம்தான். ஒட்டி உட்கார்ந்தால்தான் காதில் விழும். அவள் காலை இழுத்துக்கொண்டு வந்து ஒட்டி உட்காருவாள்.