அன்னக்கொடிக்கு ஒரு செம்புத் தண்ணீர்

1

இந்தக் கதை எனக்கு சிலமலை பஸ்ஸில் கிடைத்தது. முன் சீட்டுக்காரி பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்: "அவ ஊரவிட்டுப் போனதுகூட எனக்குப் பெருசாத் தெரியலக்கா. கடைசி வாரமெல்லாம் இன்னொருத்தி வீட்டுலயே கெடந்தா பாரு, அதான் வயிறு எரியுது." அதற்குள் என் நிறுத்தம் வந்து தொலைத்தது. மிச்சத்தை நானேதான் கட்டினேன். ஆகவே பொய்க்கு நான் பொறுப்பு. வயிற்றெரிச்சல் மட்டும் நிஜம்.

2

'போடி மலைகளில் மேகம் இறங்கும் ஒரு மார்கழிக் காலையில்—'

சீ, மேகத்துக்கு இங்கே என்ன சோலி? நேராகவே சொல்கிறேன்.

எழுபத்தெட்டாம் வருஷம். போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் ராமுத்தாயும் அன்னக்கொடியும் காய் தரம் பிரிக்கிறவர்கள். வீடும் எதிரெதிர் வீடு. கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த நாள்முதல் காய் புடைக்கிற ஒரே சுளகில்தான் இரண்டு பேர் கையும் கிடந்தது. இப்போது அன்னக்கொடியின் புருஷன் கன்னையனைக் குடும்பத்தோடு கான்பூருக்கு அனுப்புகிறார் முதலாளி. அங்கே சரக்கு இருப்பு வைக்கிற கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். தை பிறந்ததும் பயணம்.

(கான்பூர் எங்கே இருக்கிறதென்று ராமுத்தாய்க்குத் தெரியாது. "மதுரைக்கும் அங்கிட்டு" என்றார்கள். அவள் அழுவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.)

3

ஊரைவிட்டுப் போகிற குடும்பத்தை ஆளாளுக்கு விருந்துக்குக் கூப்பிட்டார்கள். முதலில் கூப்பிட்டது ராமுத்தாய். "நீ என்ன அசலா? ஒன் வீட்டுக்கு எப்ப வேணா வர்றேன்டி" என்றாள் அன்னக்கொடி. ராமுத்தாய் இன்னும் முட்டையிடாத ஒரு வெடக்கோழியைப் பிடித்துக் கூடையில் கவிழ்த்தாள். அந்த வாரம் அன்னக்கொடி வரவில்லை, கோழி பிழைத்தது. மறுவாரமும் பிழைத்தது. அப்புறம் முட்டையிடவே ஆரம்பித்துவிட்டது.

அந்த 'இன்னொருத்தி' முனியாயி. போன வருஷம்தான் ராசிங்காபுரத்திலிருந்து வந்து கடையில் சேர்ந்தாள். சிரித்த முகம். புருஷன் குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டுகிறான். அந்த ஜீப்பிலேயே அன்னக்கொடி குடும்பத்தை ஏற்றிக் குரங்கணி ஆற்றுக்குக் கூட்டிப்போய், கறி சமைத்துப் போட்டாள். மறுநாள் கடையில் அன்னக்கொடியின் சுளகில் முனியாயி கை கிடந்தது.

"நீயும் வந்திருக்கலாம்ல ராமு?" என்றாள் முனியாயி.

"கூப்புட்டாத்தான வர? லோடு ஏத்துன ஜீப்புல எனக்கு ஏது எடம்?"

முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைத்த கதைதான். அன்று ராமுத்தாய் நல்ல காயையும் பொக்குக் காயையும் ஒன்றாகக் கலந்து வைத்துக் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கினாள். கடைசி வாரமெல்லாம் அன்னக்கொடி முனியாயி வீட்டிலேயே கிடந்தாள்.

(ராமுத்தாய்க்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று முனியாயியைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். பேனா ஓடவில்லை. அவள் நல்லவள், அதுதான் பெரிய இம்சை. கெட்டவளென்றால் நாலு வார்த்தை வைது ஆற்றிக்கொள்ளலாமே.)

4

பயணத்தன்று காலை. மதுரை ரயிலுக்குப் போக முனியாயி வீட்டு ஜீப்புதான் வந்து நின்றது. வீட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுத்து அனுப்பியாயிற்று. அன்னக்கொடி முனியாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு ஜீப்பில் ஒரு காலை வைத்தாள். எதிர்வாசலில் நின்ற ராமுத்தாய் தெருவே கேட்கக் கத்தினாள்:

"ஏ அன்னக்கொடி! எங்கடி போற?"*



"அடி பாதகத்தி! பொறப்படுற நேரத்துல கேக்குற கேள்வியா இது?" கன்னையன் கையை ஓங்கிவிட்டான்.

(*புறப்படுகிறவரை 'எங்கே போறே' என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. 'தூரமா?' என்றுதான் கேட்கவேண்டும். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டால், போகிறவர் வீட்டுக்குள் திரும்பி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பவேண்டும். ராமுத்தாய்க்கு இது தெரியாதா? பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.)

திரும்பிப் போக வீடு பூட்டிக் கிடக்கிறது. முனியாயி வீடோ ஊருக்கு அந்தக் கோடி. அன்னக்கொடி ராமுத்தாயை முறைத்தாள். முறைத்தபடியே தெருவைக் கடந்து அவள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தாள்.

5

ராமுத்தாய் செம்பை நீட்டினாள்.

"வேணுமின்னுதான கேட்ட?"

"ஆமா."

"எம் பிள்ளைகளும் போற பயணம்டி இது!"

"தெரியும். ஒருவாய் சாப்புட வந்தியா நீ? அவ வீட்டுக்கு மட்டும் காலு போச்சுல்ல?"

இதற்கு அன்னக்கொடி என்ன சொன்னாள்? 'ஒன் வீட்டுல கைநனைச்சா எனக்குப் போக மனசு வராதுடி' என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். அது ராமுத்தாய்க்கு நான் கொடுத்த லஞ்சம்.

"முனியாயி சிரிக்கிறாடி. நீ, நாங்க போறோம்னு சொன்ன நாள்லருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க. ஒன் வீட்டுக்கு வரவே பயமா இருந்துச்சு."

இதையும் அடிக்கக் கை போயிற்று. அடிக்கவில்லை. ராமுத்தாய்க்கு அப்போதும் உறைத்தது ஒன்றுதான்: என் வீட்டில் உட்கார்ந்தும் முனியாயி பேச்சா?

வெளியே ஜீப்பு ஆரன் அடித்தது. "வெரசா வா அன்னக்கொடி, ரயிலு போயிரும்!" முனியாயி குரல்.

அன்னக்கொடி தண்ணீரைக் குடித்து முடித்து எழுந்தாள். "போயிட்டு வர்றேன்டி" என்று வாசற்படியில் கால் வைத்தாள். ராமுத்தாய் வாயைத் திறந்தாள்.

6

'தூரமா?' என்று கேட்டால் அவள் போய்விடுவாள். அந்தப் பழைய கேள்வியையே கேட்டால் மறுபடி உள்ளே வந்து உட்காரவேண்டும். கேட்கக் கேட்க உட்காரவேண்டும், சாத்திரம் அப்படி. ரயில்தான் காத்திருக்காது.

ராமுத்தாய் வாயில் எந்தச் சொல்லை வைக்கவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. நீங்கள் வையுங்கள். வெரசா வையுங்கள், ஆரன் அடிக்கிறார்கள்.