சலவை அறையில் தொடங்கிய சங்கம்

1

ஜேர்மனியின் வுப்பர்டாலில், ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்கில், யோசப்பின் என்ற அக்கா சொன்ன தன் கதை இது. பாதியை அவர் சொன்னார். மீதியை நான் கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு..." வேண்டாம். ஜேர்மனி என்றால் எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறார்கள்.

2

யோசப்பின் அக்கா மன்னாரில் கணக்கு ரீச்சராக இருந்தவர். 1986இல், அமெரிக்கப் படைமுகாம் இருந்த ஒரு ஜேர்மன் நகரத்தின் அகதி விடுதியில் இருந்தார். வேலைசெய்ய அனுமதியில்லை. சனிக்கிழமைகளில் படைமுகாமிலிருந்து கறுப்பினப் பெண்கள் அகதிகளுக்குக் கொடுக்கக் கோட்டுகள் கொண்டுவருவார்கள். அமெரிக்காவில் கறுப்பின மாணவிகள் சிலர் எப்போதோ தொடங்கிய சகோதரிகள் சங்கம் அவர்களுடையது.

யோசப்பின் தனக்கு நீட்டிய கோட்டை வாங்கவில்லை. "எவ்வளவு காலம்தான் வாங்குவது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

(அந்தப் பெண்களில் ஒருவரான படைத் தாதி லொறெயின் இதைக் கேட்டுக் கோபப்பட்டதாக எழுதியிருந்தேன். அக்காவிடம் சரிபார்த்தேன். "இல்லைப் பிள்ளை, அவ பக்கத்திலை வந்து இருந்தவ." வெட்டிவிட்டேன்.)

"எங்கள் சங்கத்தைத் தொடங்கிய பெண்களுக்கு வெளியே எல்லாக் கதவும் மூடியிருந்தது," என்றார் லொறெயின். "படித்ததைப் பின்னால் வருபவளுக்குக் கொடுப்போம் என்று சத்தியம் செய்தார்கள். உங்களிடம் என்ன இருக்கிறது?"

"கணக்கு."

3

அதே விடுதியில் இருந்த கமலநாயகியின் ஒன்பது வயது மகள் வத்சலாவை, மந்தமான பிள்ளைகளுக்கான பாடசாலைக்கு அனுப்பவிருந்தார்கள். அதைத் தீர்மானிக்கும் பரீட்சைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. வகுப்பு நடத்த அறை கேட்டால், அன்ட்ராக் என்ற விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக் காத்திருக்கச் சொன்னார் விடுதிப் பொறுப்பாளர். யோசப்பின் காத்திருக்கவில்லை, சலவை அறையில் தொடங்கினார். லொறெயினின் தோழிகள் ஜேர்மன் பாடப்புத்தகங்கள் தேடிக் கொடுத்தார்கள்.

இரண்டாம் நாளே யோசப்பினுக்குக் காரணம் பிடிபட்டது. நாற்பத்திரண்டை ஜேர்மனில் 'இரண்டும் நாற்பதும்' என்றுதான் சொல்வார்கள். வத்சலா 24 என்று எழுதினாள்.

"பிள்ளைக்குக் கணக்குப் பிழையில்லை கமலநாயகி. காதிலை விழுறதை விழுந்தபடி எழுதுது."

கமலநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வத்சலா பரீட்சையில் தேறினாள். இந்த இடத்தில் நான் வேறு முடிவு எதையும் யோசிக்கவில்லை.

4

பிறகு யோசப்பின் லொறெயினிடம் கேட்டார்: "நானும் உங்கள் சங்கத்தில் சேரலாமா?"

விதிப்படி பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும். யோசப்பினிடம் ஆசிரியப் பயிற்சி மட்டும்தான். லொறெயின் மறைக்காமல் சொன்னார். சொல்லும்போது யோசப்பினின் கையை விடவில்லை.

(இங்கே யோசப்பின் மனமுடைந்து... இல்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை.)

அடுத்த சனிக்கிழமை சலவை அறையில் தன்னையும் சேர்த்து ஆறு விடுதிப் பெண்களைக் கூட்டினார்.

"எங்களுக்கு ஆர் அனுமதி தாறது அக்கா?" என்றார் கமலநாயகி.

"அந்த மாணவிகள் ஆரையும் கேட்டே தொடங்கினவை? நாங்களும் தொடங்குவம்."

சங்கத்துக்குப் பெயர்? எனக்கு மூன்று தோன்றின. மூன்றும் அலுவலகப் பலகை போலிருந்தன. இயந்திரங்கள் சுற்றுகின்றன. ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். சங்கத்தின் பெயரை எழுதத் திறந்துவைத்த கொப்பியின் முதல் வரி வெறுமையாக இருக்கிறது. உள்ளே வாருங்கள், ஏழாவது ஆளாக இருங்கள். ஒரு பெயர் சொல்லுங்கள்.