புகைவீட்டு ஆயா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ரந்தாவ் பசாரில், மீன்கடையில் ஒட்டுக்கேட்டது. முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசினார்கள். நான் மீனைப் பார்ப்பதுபோல் நின்று காதை அவர்களிடம் கொடுத்திருந்தேன். அவர்கள் தாண்டிப்போன இடங்களை நானே நிரப்புகிறேன். அந்தத் தகுதி எனக்கு உண்டு. அடுத்த வீட்டுக் குழம்பில் உப்புக் குறைந்தால் வாசத்திலேயே சொல்லிவிடுவேன்.

2

முதல் தொடக்கம்: "ஜப்பான்காரன் ஆட்சியில், இருள் சூழ்ந்த அந்த..."

வேண்டாம். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பிள்ளைகளிலிருந்து வருவோம்.

ரப்பர் தோட்டத்துக் கூலிக்காரி பஞ்சாலைக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஆறு வயது. கடைசி இன்னும் தவழவில்லை. ரயில் பாதை போடப் புருஷனைச் சயாமுக்கு ஏற்றிப்போய் ஐந்து மாதம். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. தோட்டத்தில் ரப்பருக்குப் பால்மரம் வெட்டுவது நின்று, மரவள்ளி நடுகிற வேலை. விடியுமுன் பெரட்டு வரிசையில் நின்று, கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடும்போது குரல் கொடுத்தவர்களுக்கே அன்றைய அரிசி. பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை முழுக்கச் சிப்பாய்களின் சாமான்கள். பழைய ஆயா மகளோடு சி ரூசா பக்கம் போய்விட்டாள்.

பிள்ளைகளோடு இருந்தால் அரிசி இல்லை. அரிசிக்குப் போனால் பிள்ளைகளுக்கு ஆள் இல்லை.

(இங்கே பஞ்சாலை அழுதாள் என்று எழுதிப் பார்த்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அழ நேரம் ஏது?)

3

அவள் கண்டுபிடித்த ஆயாவுக்கு மீசை இருந்தது.

நல்லசாமி, கல்யாணமாகாத ஆள். ஆள் பிடிக்கச் சயாம் லாரி வந்த அன்று ஓடி, ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டில் ஒளிந்துகொண்டான். அது மூடிக்கிடந்தது. விறகு பொறுக்கப்போன பஞ்சாலை பார்த்துவிட்டாள்.

"யக்கா, காட்டிக் குடுத்துறாத!"

"குடுக்கல. நாலு பிள்ளைய விட்டுட்டுப் போறேன், பாத்துக்க. கெழங்கு கொண்டாந்து தர்றேன்."

"நானா? ஆம்பளக்கா நான்!"

"அதுக்கென்ன இப்ப? பால் குடுக்க நடுவுல நான் வந்துருவேன்லா. மத்ததுக்கெல்லாம் ரெண்டு கை இருந்தா போதும்."

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. ஒண்டிக்கட்டை, நான்கு பிள்ளைகளை எப்படி? பிறகு யோசித்தேன். ஒரு பிள்ளை வீறிட்டால் மறுநாள் இவன் சயாம் லாரியில். இவனைவிட அக்கறையான ஆயா இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தில் கிடைப்பாளா?

பிள்ளைகளுக்கு ஒரே கட்டளை: அவனை ஆயா என்றுதான் கூப்பிட வேண்டும்.

4

அங்கேதான் பிசகியது. "ஆயா தலை சீவி விட்டுச்சு" என்று மூத்தவள் உளற, மறுநாள் பக்கத்து வீட்டுத் தாயம்மா தன் பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏன்டி பஞ்சாலை, ஆயா வச்சிருக்கியாம்! ஒரு வார்த்த சொன்னியா?"

"அது யாரு மொகத்தயும் பாக்காதுக்கா. கூச்சம். வாசல்ல விட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துரணும்."

"இது ஆயாவா, கல்யாணப் பொண்ணா?"

ஒரே வாரத்தில் பதினொரு பிள்ளைகள். மூக்குத் துடைத்து, முகம் கழுவித் திரும்பி வந்தார்கள். சடை மட்டும் விறகுக்கட்டின் கயிறுபோல முறுக்கியிருந்தது. ஆயா யாரென்று பெண்களுக்குத் தெரியாதா என்கிறீர்களா? யார் வீட்டுக் கோழி எத்தனை முட்டை இட்டது என்று தெரிந்த லயத்து வீட்டு வரிசை அது. இந்த ஒன்றை மட்டும் ஒருத்தியும் வாய்விட்டுப் பேசவில்லை. வம்புக்காரியான எனக்கு இது பெரிய தலைகுனிவு.

5

யாழ்ப்பாணத்துக் கிராணி துரைசிங்கம் ஒருநாள் பெரட்டில் மகிழ்ச்சியாக அறிவித்தார். பெண்கள் ஒழுங்காக வேலைக்கு வருவதில் ஜப்பான் அதிகாரிக்குத் திருப்தியாம்.

"பஞ்சாலை, உன்ரை ஆயாவுக்கும் ஒரு பங்கு அரிசி. நாளைக்குக் கூட்டிக்கொண்டு வா. பேர் பதியவேணும்."

மறுநாள் அதிகாரியும் வந்திருந்தார். பஞ்சாலை தனியாக நின்றாள்.

"எங்கை ஆயா?"

"ஆயா இங்க வந்துட்டா பிள்ளைங்கள யாருங்கய்யா பாக்குறது?"

வரிசை சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை.

"அப்ப பேரைச் சொல்லு."

6

முடிவு அ: நல்லசாமி சேலை கட்டிக்கொண்டு வருகிறான். (அடித்துவிட்டேன். மீசையை யார் எடுப்பது?)

முடிவு ஆ: கிராணி மனம் இளகி... (எந்தத் தோட்டத்துக் கிராணி?)

பசாரில் நான் கேட்டது இதுதான். பஞ்சாலை வாய் திறப்பதற்குள் அவளைக் காப்பாற்ற மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள்.

"லெட்சுமி!"

"முத்தாயி!"

"செல்லம்ங்கய்யா!"

பேர் சொல்லப்பட்ட மூன்று பெண்களும் அந்த வரிசையிலேயே நின்றார்கள். தினமும் பெரட்டில் குரல் கொடுத்துவிட்டுக் கிழங்கு நடப் போகிறவர்கள். அதே நேரத்தில் பிள்ளையும் பார்க்க அவர்களால் எப்படி முடியும்?

துரைசிங்கம் ஏட்டைப் புரட்டினார். சயாம் பட்டியலில், லாரி ஏறாத ஒரே பேரில், நல்லசாமியில், அவர் விரல் நின்றது. நிமிர்ந்து பஞ்சாலையைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

அதிகாரி மலாய் மொழியில் அதட்டினார்: என்ன பேர்?

அந்த நேரம் பார்த்து, பசாரில் பேசிய பெண்களின் பஸ் வந்துவிட்டது.

ஆகவே பேனாவை உங்களிடம் தருகிறேன். கிராணியின் இடத்தில் நின்று ஒரு பேரை எழுதுங்கள். எழுதியதை உரக்கப் படிக்க வேண்டாம். புகைவீட்டில் கைக்குழந்தையை அவன் இப்போதுதான் தூங்கவைத்திருக்கிறான்.