பெட்ரோல் இருக்கா பாருங்க

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அன்றைக்குத்தான் என் தங்கை புருஷன் தன் பெண்ணைப் பார்க்க வருவார். வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார். உள்ளே வாருங்கள் என்றால் வர மாட்டார். தங்கையோ சமையலறையை விட்டு வெளியே வர மாட்டாள். பாப்பா மட்டும் இடது காலைச் சற்று இழுத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் அலைவாள். நான் கூடத்தில் உட்கார்ந்து ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு அந்த இடியைக்கூட யாரும் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் என்னிடம் மரியாதையாகவே பேசினார்கள், அதுதான் தாங்க முடியவில்லை.

விஷயம் இதுதான். போன வருஷம் மாப்பிள்ளை தன்னுடைய பழைய மோட்டார் சைக்கிளில் பாப்பாவை முன்னால் டேங்க் மேல் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். நாலு ரோடு சந்திப்பில், நட்ட நடுவில், வண்டி நின்றது. பின்னால் வந்த வேன் இடித்தது. அவருக்கு வெறும் சிராய்ப்பு. பாப்பாவுக்குக் கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன முதல் வார்த்தை, "வண்டி தானா நின்னுடுச்சு."

மறுநாளே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் வண்டியைக் காட்டினோம். அவர் டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார், மூடினார், உதைத்தார். முதல் உதையிலேயே கிளம்பியது. "வண்டில ஒரு குறையும் இல்லையே" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். தங்கை அப்போது பக்கத்தில்தான் நின்றாள். பாப்பாவின் காலுக்குக் கட்டுப் போட்டதுமே அவளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"எங்கயோ யோசனையில இருந்திருப்பார். தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பேசாம வீட்டுக்குப் போயிருப்பேன்" என்பாள் தங்கை. "வாயில்லாத வண்டி மேல பழியப் போடறார் பாரு அண்ணா, அதான் ஆறல."

"பண்ணாத தப்ப எப்படி மச்சான் ஒத்துக்கறது?" என்பார் அவர்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சொல்பவர்கள் ஊரில் உண்டு. ஒரே முயலை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றதை நான் இங்கேதான் பார்த்தேன்.

என் மனைவி ஒருநாள் சொல்லிவிட்டாள். "உங்க தங்கச்சி எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும். நீங்க இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடந்து தரையத் தேய்க்கறத மட்டும் நிறுத்துங்க."

அடுத்த ஞாயிறு நான் கேட்டுக்கே போனேன். அன்றைக்கு மெக்கானிக் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து வண்டி, வீட்டை ஒட்டிய என் பட்டறைக்குப் பின்னால்தான் கிடந்தது. "மாப்பிள்ளை, நாமளே அதைப் பிரிச்சுப் பாத்துடுவோம். நீங்க சொன்ன மாதிரி அது தானா நின்னா, நான் அவகிட்ட பேசறேன். நிக்கலைன்னா நீங்க உள்ள வந்து மன்னிப்புக் கேக்கணும்."

அவர் பாப்பாவின் காலைப் பார்த்தார். "சரி மச்சான்" என்றார்.

தங்கையிடமும் சொன்னேன். "நின்னா நீ வீட்டுக்குப் போகணும்."

"நிக்கட்டும், பாக்கலாம்" என்றாள். குரலில் நம்பிக்கை துளியும் இல்லை.

நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஓடாத இயந்திரம் எதையும் கண்டு பயந்ததில்லை. ஆனால் தார்ப்பாயை விலக்கியதும் நானே இரண்டடி பின்னால் நகர்ந்தேன். சங்கிலி விறைத்துக் கிடந்தது. பிரேக் இறுகி, சக்கரம் அசைய மறுத்தது. சைலன்சருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. கார்புரேட்டரைப் பிரித்தால் பழைய பெட்ரோல் காய்ந்து பழுப்புப் பிசினாக ஒட்டியிருந்தது. டேங்கின் உட்புறம் மட்டும் துரு இல்லாமல் இருந்தது. மாப்பிள்ளை அதைப் பெருமையோடு காட்டினார். "மூடிய நல்லா டைட்டா வச்சிருந்தேன் மச்சான். மழைத் தண்ணி ஒரு சொட்டு இறங்கல பாருங்க." நானும் மெச்சினேன். அந்த மெச்சலை இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

முதலில் ஞாயிறு மட்டும் வந்தார். பிறகு வேலை முடிந்து சாயங்காலமும் வர ஆரம்பித்தார். கேட்டைத் தாண்டிப் பட்டறை வரை வருவார், வீட்டுப் படியை மட்டும் மிதிக்க மாட்டார். ஒவ்வொரு திருகாணியையும் துணியால் துடைத்து, எடுத்த இடத்தின் வரிசைப்படி பலகையில் அடுக்குவார். நான் சுத்தியலை நம்புகிறவன். வராத போல்ட்டை நான் திட்டிக்கொண்டே அடிக்க, அவர் எண்ணெய் விட்டுக் காத்திருப்பார். அவர் காத்திருந்ததுதான் பெரும்பாலும் கழன்றது. இப்படிப்பட்ட மனுஷன் நடுரோட்டில் யோசனையில் இருந்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் வர ஆரம்பித்தது. சந்தேகம் வந்த பிறகு தூக்கமும் போனது.

வண்டி கிளம்பிய அன்று பாப்பா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சமையலறை ஜன்னல் திறந்தது, உடனே மூடிக்கொண்டது.

அடுத்த நாள் நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்தார். கடைத்தெருவைத் தாண்டியதும் எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நடுரோட்டில் வண்டி நின்றதற்காகச் சிரித்த ஆள் நானாகத்தான் இருப்பேன். டீக்கடையிலிருந்து ஒருவர், "பெட்ரோல் இருக்கா பாருங்க" என்றார். நின்றுபோன வண்டிக்கு உலகம் இலவசமாகத் தரும் அறிவுரை அது ஒன்றுதான். இந்த வண்டியில் அளவு காட்டும் முள் கிடையாது. மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். திறந்தோம், பெட்ரோல் இருந்தது, மூடினோம். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். ஒரே உதையில் கிளம்பியது.

"பிளக்தான் மாப்பிள்ளை" என்றேன்.

புதுப் பிளக் போட்டோம். மறுபடி நின்றது. பெட்ரோல் பார்த்தோம், ஒயரை மாற்றினோம், கிளம்பியது. ஒயர்தான் என்று முடிவு கட்டினேன். மறுபடி நின்றது. பெட்ரோல் பார்த்தோம், காயிலை மாற்றினோம், கிளம்பியது. தொட்டதெல்லாம் குணமானது, எதுவும் குணமாகவில்லை.

தங்கையிடம் ஓடினேன். "நின்னுச்சு, என் கண்ணால பாத்தேன்."

அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "வருஷமா மழையில கிடந்த வண்டி நிக்காம என்ன பண்ணும்? அன்னைக்கு அது தினம் ஓடிட்டிருந்த வண்டி. ஏன் நின்னுச்சுன்னு சொல்லு, நம்பறேன்."

நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு என் கை ஒரு வேலையில் நிற்கவில்லை. ஒரு வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்து போட்டுவிட்டு, வாசலில் நின்ற யாருடைய வண்டியையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டம்மா, "ஐஸ் கட்டி உள்ளதாங்க இருக்கு" என்று கூப்பிட வேண்டியதாயிற்று.

ஒரு ஞாயிறு காலையில் டேங்கைக் கழுத்து வரை நிரப்பினோம். தூரமாக ஓட்டிப் பார்த்துவிடுவது என்று திட்டம். தூரமெல்லாம் போகவில்லை. பாலத்து ஏற்றத்திலேயே இருமி நின்றது. ஓரமாகத் தள்ளி நிறுத்தினோம். எதிரே சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றி நின்று, "பெட்ரோல் இருக்கா பாருங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "இருக்குங்க, நிறைய இருக்கு, வேணும்னா உங்களுக்கும் தரேன்" என்றேன். அவர் போய்விட்டார். மாப்பிள்ளை பழக்கத்தில் மூடியில் கை வைத்தார். "அதத் தொடாதீங்க. இப்பதானே ஊத்தினோம். இனிமே எவன் சொன்னாலும் அதத் திறக்கக் கூடாது" என்று கத்தினேன்.

உதைத்தேன். கிளம்பவில்லை. பிளக்கை மாற்றி உதைத்தேன். அவர் உதைத்தார். கெண்டைக்கால் கெஞ்சியது. எத்தனையோ தடவை நின்ற வண்டி, ஒரு தடவைகூட இப்படி அடம்பிடித்ததில்லை.

"இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு இதுக்கு?" என்று கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன்.

அவர் வண்டியைச் சுற்றி வந்து டேங்க் பக்கம் நின்றார். "இன்னைக்கு மட்டும் மூடியத் திறக்கல மச்சான்" என்றார் மெதுவாக.

நான் எழுந்து கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயைப் பிடுங்கினேன். சொட்டு, சொட்டு, பிறகு அதுவும் நின்றது. மேலே டேங்க் நிறைய பெட்ரோல், கீழே சொட்டுக்கூட வரவில்லை. அவர் மூடியைத் திருகினார். ஸ்ஸ் என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம். உடனே குழாயிலிருந்து பெட்ரோல் கொட்டி என் செருப்பை நனைத்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் இத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறேன். ஃபிரிட்ஜில் கேஸ் அடைப்பதற்கு முன்னால் குழாயிலிருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுப்பதுதான் என் அன்றாட வேலை. டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். அதற்காக மூடியில் ஒரு பொடி ஓட்டை உண்டு. அது அடைபட்டால் உள்ளே வெற்றிடம் பெட்ரோலைப் பிடித்து நிறுத்திவிடும். மூடியைத் திறந்த கணமே நோய் போய்விடும். நாங்களும் அந்த மெக்கானிக்கும் நோயைத் தேடுவதற்கு முன்னால், ஒவ்வொரு முறையும், அதைக் குணப்படுத்திவிட்டுத் தேடியிருக்கிறோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் நான்தான்.

"ஜெயிச்சுட்டீங்க மாப்பிள்ளை" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவர் சிரிக்கவில்லை. மூடியைக் கவிழ்த்து, உள்ளே இருந்த கறுப்பு வாஷரை நகத்தால் கிளப்பி எடுத்தார். ஓட்டையை முழுசாக மூடியிருந்தது அது. விளிம்பு சீராக, கச்சிதமாக வெட்டப்பட்டிருந்தது.

"இது நான் வெட்டினது" என்றார். "சைக்கிள் டியூப்ல. மூடி ஓரமாப் பெட்ரோல் கசிஞ்சு பாப்பா யூனிஃபார்ம்ல வாடை அடிக்குதுன்னு உங்க தங்கச்சி சொன்னா. அடிபட்டதுக்கு முந்தின நாள் சாயங்காலம் வெட்டிப் போட்டேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பது இதுதான். எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை. "இங்க பாருங்க. ஓட்டையில தூசி அடைச்சிருந்துச்சுன்னு சொல்லிடுவோம். முக்கால்வாசி உண்மைதானே" என்றேன்.

"நான் பொய் சொல்லலன்னுதானே மச்சான் ஒரு வருஷமா உங்க கேட்டுக்கு வெளிய நின்னேன்" என்றார். வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாஷர் இல்லாத மூடியைத் திருகிவிட்டு உதைத்தார், வண்டி கிளம்பியது.

வீட்டுக்கு வந்ததும் படியேறினார். கூடத்தைத் தாண்டி நேராகச் சமையலறை வாசலில் போய் நின்றார். நான் பின்னாலேயே போனேன். போயிருக்கக் கூடாது, ஆனால் கால் நிற்கவில்லை.

"வண்டி தானாத்தான் நின்னுச்சு" என்று ஆரம்பித்தார். "ஆனா நிக்க வச்சது நான்தான்." வாஷரை நீட்டி, காற்று, ஓட்டை, டியூப் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார்.

தங்கை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "வாடை அடிக்குதுன்னு நான் சொன்னதுக்காகவா?"

"நீ சொன்னதுல என்ன இருக்கு. ஓட்டையப் பாக்காம மூடினது நான். என் தப்பு."

ஒரு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை. இனி முகம் இளகும் என்று காத்திருந்தேன். இளகவில்லை. அடுப்புமேடைக்குக் கீழே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வண்டி தானா நின்னுச்சுன்னு எத்தனை தடவை சொன்னீங்க" என்றாள். "அது உண்மையா இருக்குமோன்னு எனக்கு ஒரு நாள்கூடத் தோணலையே."

"பரவால்ல விடு."

"பரவால்லன்னு சொல்லாதீங்க. என்னைத் திட்டுங்க."

அவர் கதவைப் பிடித்தபடி அவள் பக்கம் குனிந்தார். "வீட்டுக்கு வா. அங்க வச்சுத் திட்டறேன்."

தங்கை தலை நிமிரவில்லை. எங்களுக்கு நடுவே புகுந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பாப்பாவிடம், "போய் உன் துணியெல்லாம் எடுத்து வை" என்றாள்.