ஆட்ட வரிசையில் ஐந்தாம் ஆள்

பிற்பகல் நான்கு மணியைக்கூடத் தாங்கமாட்டாத கதிரவன் கிளைடு ஆற்றங்கரைப் பாரந்தூக்கிகளின் பின்னே சாய்ந்துவிட, மழையில் கறுத்த கல்மாளிகைகள் சூழ்ந்த கிளாஸ்கோ நகரின் நடுமுற்றத்தில், நீலத் துகில்மேல் வெண்கோடுகள் குறுக்காய்ச் சாய்ந்த கொடிகள் ஈரக்காற்றை அறைந்து அறைந்து படபடத்தன. அந்நாட்டின் காவற்புனிதர் அந்திரேயாவின் திருநாள் அது. தோற்பைக் குழல்கள் கன்றிழந்த பசுபோல் முனகிப் பின் மதங்கொண்ட களிறுபோல் முழங்கின. முரசதிர்வு உள்ளங்காலில் ஏறி நெஞ்சைத் தொட்டது. குளிரை ஆடியே கொல்வதென்று துணிந்த மாந்தர், ஆடவரும் பெண்டிரும் எதிரெதிர் வரிசையாய் நெருங்கி நின்றனர்.

அறிவுடையீர், அவ்வாட்டத்தின் முறை இரக்கமற்றது. தலைநிற்பவள் தன் இணையோடு சுழன்று, எதிர்வரிசையில் ஒருவன் கைகோத்துச் சுழன்று, மீண்டும் இணை, மீண்டும் அடுத்தவன் எனக் கடைசிவரை சென்றாக வேண்டும், எவரையும் விடலாகாது.

அன்று தலைநின்றவள் இஷ்பெல். கப்பற்பட்டறையில் இருபதாண்டு இரும்பு பற்றவைத்து, வயிரமேறிய மரம்போல் கை முறுகியவள். அவளுக்கு இணை, ஆடவன் இடத்தில் நின்று ஆடும் நெட்டா, பட்டறையில் உடன் உழைப்பவள். இசை எழுமுன் இஷ்பெலின் முகம் சிவந்தது.

“ஏய் நெட்டா, அஞ்சாவதா நிக்கிறது யாருன்னு பாரு. அந்தக் கருங்காலி!”

“பாத்தேன்டி. உன் தம்பி டூகல்தான். ஓடிறலாமா?”

“நான் எதுக்கு ஓடணும்? அவன மட்டும் விட்டுட்டுத் தாண்டிப் போயிடுவேன்.”

“கிழிச்ச! இந்த வேகத்துல பிடிய விட்டா மூஞ்சி தரையிலதான்.”

ஐந்தாண்டுக்கு முன் வேலைநிறுத்தம் நடக்கையில், பட்டறை வாயிலில் நின்ற தோழர்களைக் கடந்து உள்ளே வேலைக்குப் போனவன் டூகல். இனி அவன் கையைத் தொடேன், அவனோடு பேசேன் என்று அத்தனை பேர் முன்னும் சூளுரைத்தவள் இஷ்பெல். அந்த அத்தனை பேரும் இன்று சுற்றிநின்று கைதட்டினர்.

பிடில்கள் வெடித்தெழுந்தன. ரொட்டி சுடுபவன், நெட்டா, பேருந்தோட்டி, நெட்டா என்று சூறையிற் பட்ட சருகாய்ச் சுழன்ற இஷ்பெல், நால்வரைக் கடந்து ஐந்தாமவன்முன் வந்ததும் கையை மடக்கிக்கொண்டாள். ஈரக்கல்லில் காலணி வழுக்கிற்று. வானும் விளக்கும் ஒருங்கே சாய்ந்தன.

“அக்கா, கையக் குடு! திட்டுறத அப்புறம் திட்டு!”

“அப்புறம் என்னடா அப்புறம்? வெக்கங்கெட்டவனே!” என்று வைதபடியே கோத்துக்கொண்டாள். “அன்னிக்கு ஏன்டா உள்ள போன?”

பிள்ளைக்குப் பால் என்பான், வீட்டு வாடகை என்பான் என்றே எதிர்பார்த்திருந்தாள்.

“பயந்துட்டேன்க்கா. வேற ஒண்ணுமில்ல.”

முறைப்படி ஒரு சுற்று; அவர்கள் மூன்று சுற்றினர்.

“விடுடி அவன! எனக்குக் கைய நீட்டி நீட்டி மரத்துப்போச்சு!” என்று ஆறாமவன் கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது. நெட்டா அவளைப் பறித்திழுத்தாள்.

“என்னடி சொன்னான்?”

“பயந்துட்டானாம்.”

“நாம மட்டும் பயப்படலையா?”

மன்னித்தாள் என்று எழுதின் அது பொய்யாகும். பிழை பிழையே. எனினும் சாக்குச் சொல்பவனோடு சண்டையும் இயலாது. அஞ்சினேன் என்பவனோடு அஃது இயலும். ஆட்டம் ஓய்ந்தபின், சூடான ஆட்டுக்குடற் பண்டத்தை அக்காளும் தம்பியும் ஒரே தட்டில் வைத்து உண்கையில், ஐந்தாண்டு தேக்கிய வசவு முழுவதையும் இஷ்பெல் கொட்டித் தீர்த்தாள். அவன் தலைகுனிந்து, அவ்வசவில் ஒரு சொல்லும் சிந்தாமல் கேட்டிருந்தான்.